துடைத்த தகடு

இறப்பர் பால் பிடிக்கும் சிரட்டையைத் துடைக்காமல் வைத்தால் பால் திரைந்துவிடும். கரவனெல்லப் பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டும் அம்மாவோடு மலைக்குப் போய் வளர்ந்த கை என்னுடையது. எதையும் முதலில் துடைக்கும். அந்தப் பழக்கம்தான் கொழும்பில் என்னை மாட்டிவிட்டது.

பௌதிகவியலில் பட்டம் முடித்திருந்தேன். வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்ய ஓர் இடம். அதற்கு மூன்று பேர் கொண்ட குழு நடத்திய நேர்முகத் தேர்வு. விஷயம், லேசரால் புரோத்தன்களை விரட்டுவது. கண்ணிமைக்கும் நேரம் என்றாலே அதற்கு ஒரு யுகம், அவ்வளவு குறுகிய துடிப்பு, மகா உக்கிரமானது. மெல்லிய உலோகத் தகட்டில் அது விழுந்ததும் இலத்திரன்கள் பின்பக்கமாகப் பாயும். அவை இழுக்கிற இழுப்பில் புரோத்தன்களும் கிளம்பி ஓடும். எனக்கு அதில் பைத்தியம்.

"தகட்டைக் கையில் தந்தால் முதலில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார் குழுத் தலைவர்.

"நன்றாகத் துடைப்பேன்."

மூன்று பேரும் சிரித்தார்கள். ஏனென்று எனக்கும் உடனே உறைத்தது. அந்தப் புரோத்தன்களில் பெரும்பகுதி, தகட்டின் பின்புறம் ஒட்டியிருக்கும் ஈரத்திலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் இருந்துதான் வருகிறது. அதைப் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன்.

"துடைத்துவிட்டால் எதை விரட்டுவீர்கள்?" என்றவர், இரக்கத்தோடு, "தோட்டப் பாடசாலைகளில் ஆசிரியர் நியமனம் கொடுக்கிறார்களே, அது உங்களுக்குப் பொருத்தம்" என்றார்.

அந்த நியமனம் எனக்கு ஏற்கனவே வந்திருந்தது; நாங்கள் குடியிருக்கும் லயத்து வீட்டு வரிசையே அதில் பூரித்துப்போயிருந்தது. ஆனால் அவருடைய இரக்கத்தை என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஒரு தகட்டைத் துடைப்பேன், இன்னொன்றை அப்படியே விடுவேன். இரண்டிலும் லேசரை அடித்துப் பார்ப்பேன். துடைத்ததில் புரோத்தன் குறைந்தால்தானே அழுக்கிலிருந்து வருகிறது என்று நம்பலாம்? நீங்கள் சிரித்தால் நிரூபணமாகிவிடுமா?"

பாதியை அந்த நிமிடக் கோபம்தான் சொல்லிக்கொடுத்தது. ஆனாலும் சரியான பதில். முடிவைப் பிறகு அறிவிப்போம் என்று அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் கேகாலைக் கல்வி அலுவலகத்துக்குப் போய், ஆசிரியர் வேலை வேண்டாமென்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைந்தேன்.

"கொழும்புல என்னம்மா சொன்னாங்க?" என்றார் அப்பா.

"இன்னும் ஒண்ணும் சொல்லலப்பா. டீச்சர் வேலைய வேணாம்னு சொல்லிட்டேன்."

"அதுக்குள்ள கையில இருந்த வேலைய விட்டுட்டு வந்திருக்கியே புள்ள! அவங்களும் வேணாம்னுட்டா?"

அவர் குரல் நடுங்கியது.

"வேணாம்னா அது அவங்க தப்புப்பா. நான் வேற எடத்துல கேப்பேன்."