சிலந்திப் பெண்ணும் காலில்லாத அப்பாவும்

இத்தாலியில், லிபெர்த்தா வீதி வீடொன்றில் நான் பராமரிக்கும் கிழவி, சிஞ்ஞோரா, இளமையில் ஒரு சிலந்தி. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இதைச் சொல்லிவிட்டார். நான் போய் அவருடைய மருந்துக் குளிசைப் பெட்டியைச் சரிபார்த்தேன். பிறகுதான் தன் பழைய சர்க்கஸ் படத்தைக் காட்டினார்.

சர்க்கஸ் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு குட்டிக் கூடாரம். உள்ளே மேசை. மேசைமேல் கம்பியாலும் கறுப்பு மயிராலும் செய்த எட்டுக்கால் உடம்பு. அதன் நடுவே உதட்டுச்சாயம் பூசிய ஓர் இளம்பெண்ணின் தலை. மேசைக்கு அடியில் சாய்த்து வைத்த இரண்டு கண்ணாடிகள் பக்கத்துத் திரையைக் காட்டும். சனம் அதைப் பின்திரை என்று எண்ணி, மேசைக்கடியில் ஒன்றுமில்லை என்று நம்பிவிடும். சிஞ்ஞோராவின் மிச்ச உடம்பு கண்ணாடிக்குப் பின்னால் முழந்தாளில் நிற்கும். கப்பலேறி சர்க்கஸ் போன ஊரெல்லாம் போய், தாய் சொல்லைக் கேளாததால் இப்படியானேன் என்று அழுதிருக்கிறார். தாய் வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாராம்.

மன்னாரில் கார்னிவலுக்கு வந்த நாகக் கன்னியைப் பார்த்து, செருப்பை விட்டுவிட்டு ஓடியவன் நான். அதைச் சொன்னபோது சிஞ்ஞோரா தொழில் பெருமையோடு தலையாட்டினார்.

அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்குத் தகுதியில்லை. நானும் ஒரு தலைதான். மனைவி வயிற்றில் பிள்ளையோடு நிற்க வந்தவன். வதிவிட அனுமதியான பெர்மெஸோ இன்னும் கைக்கு வரவில்லை; அது இல்லாமல் ஊருக்குப் போய்வர முடியாது. மகளுக்கு நாலு வயதாகிவிட்டது. மத்தியானம் பாத்திரம் கழுவியதும் வீடியோவில் கதைப்பேன். மேலே இஸ்திரி போட்ட சேர்ட், டை. கீழே ஏப்ரனும் சாரமும். ஊரைப் பொறுத்தவரை எனக்கு ஒஃபீஸ் வேலை. "இஞ்சருங்கோ, போனை மேலை பிடியுங்கோ, மாமி வந்திருக்கிறா" என்று மனைவியே எச்சரிப்பாள்.

ஒருநாள் மகள் கேட்டாள். "அப்பா, உங்களுக்குக் கால் இருக்கோ?"

"ஓமடி குஞ்சு, ரெண்டு இருக்கு."

"நான் காணேல்லையே."

"கலியாணப் படத்திலை இருக்குத்தானே?"

"அது அப்ப. இத்தாலியிலை கழட்டிப் போட்டினமோ?"

நானும் மனைவியும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. "கால் இல்லாட்டி எப்பிடி வீட்டை வருவியள்?"

பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்த சிஞ்ஞோரா, பிள்ளை என்ன சொல்கிறாள் என்று கேட்டார். இத்தாலியனில் சொன்னேன். அவரும் சிரிக்கவில்லை.

பிறகு ஒரு கதை சொன்னார். சார்தேஞ்ஞாத் தீவில் ஓர் இளைஞன் சிலந்தியைப் பார்க்க மூன்று மாலைகள் வந்தானாம். முதல் நாள், என்ன சாப்பிடுவாய் என்று கேட்டான். ஈ என்றார் சிஞ்ஞோரா. மூன்றாம் நாள் தீப்பெட்டிக்குள் நாலு ஈ பிடித்துக்கொண்டு வந்து மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

"எழும்பிப் பின்னால் ஓடியிருக்கலாம். அப்போது எனக்கு நல்ல கால்கள். ஆனால் சனம் பார்த்துக்கொண்டு நின்றது" என்றார். என் டையையும் சாரத்தையும் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "நாளைக்குப் போனை என்னிடம் தா."

"சிஞ்ஞோரா, இந்த ஏப்ரன்..."

"எட்டுக் காலோடு நான் வெட்கப்படவில்லை. இரண்டு காலுக்கு உனக்கென்ன?"

மறுநாள் கொரிடோரின் ஒரு முனையில் அவர் போனை என் பக்கம் திருப்பிப் பிடித்தார். மறுமுனையில் நான் முழுசாக நின்றேன். டை, ஏப்ரன், கட்டம் போட்ட சாரம், என் செருப்பு அறுந்திருந்ததால் சிஞ்ஞோராவின் ரோசாநிறச் செருப்பு.

"ஐயோ, மாமி நிக்கிறா!" என்று மனைவி கத்தினாள்.

"ஒஃபீஸிலை சாரமும் கட்டுவினமோ பிள்ளை?" என்று மாமியின் குரல் கேட்டது.

"கால்! கால்!" என்று மகள் துள்ளினாள். நானும் துள்ளிக் காட்டினேன். மானம் போனபிறகு துள்ளுவதில் என்ன குறைச்சல்?

"அப்ப நடந்து வாங்கோ அப்பா."

நடந்தேன். அவள் இரண்டு கைகளையும் நீட்டிக் கூப்பிடக் கூப்பிட நடந்தேன். நெருங்க நெருங்க, திரையின் மூலையில் என்னைக் காட்டும் சின்னச் சதுரத்தில் ரோசாநிறச் செருப்பு மறைந்தது. பிறகு சாரம். பிறகு ஏப்ரன். போனடியில் வந்து குனிந்தபோது தலை மட்டும்தான் மிஞ்சியிருந்தது.

"இன்னும் கிட்ட வாங்கோ" என்றாள்.