ஷெட்டில் எரிந்த ஆரஞ்சு விளக்கு

தெருவில் அவருக்கு 'ஏன்-எதுக்கு' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை; சொன்னால் ஏன் என்று கேட்பார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அடிபட்ட வண்டிகளைச் சோதித்து, நஷ்டம் நிஜமா நாடகமா என்று சொல்லும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். நின்ற இடத்தில் நின்ற சுவர்தான் வந்து இடித்தது என்று சாதிக்கிறவர்களோடு காலம் தள்ளியவர் வேறு எப்படி இருப்பார்? வேலை விட்டது, புத்தி விடவில்லை. பால் பாக்கெட் லேசாக இருந்தால் சந்தேகப்படுவார். கனமாக இருந்தால் இன்னும் அதிகமாகச் சந்தேகப்படுவார்.

மனைவி போன பிறகு வீட்டில் அவர், மகன், மருமகள் என்று மூன்று பேர்தான். மகன் ஆபீஸ் பஸ்ஸில் போய் வருகிறான். மருமகள் முன்னறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறாள். மனைவியை உட்காரவைத்து அவர் ஓட்டிய கார் மட்டும் கொல்லைப்புற ஷெட்டில் சும்மா நின்றது. கண் மங்கிவிட்டதால் அவரால் ஓட்ட முடியாது. விற்கவும் மனசு வரவில்லை. நின்று நின்றே பேட்டரி இரண்டு தடவை செத்தது.

மெக்கானிக் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து பேட்டரியில் மாட்டினான். "ஓட்டாத வண்டிக்குன்னே இருக்கிற சார்ஜர் சார் இது. பிளக்குல மாட்டியே விட்டுடுங்க. பேட்டரி நிறைஞ்சா தானா நிறுத்திக்கும், குறைஞ்சா தானா ஏத்திக்கும். பச்சை எரிஞ்சா நிறைஞ்சிருக்குன்னு அர்த்தம். ஆரஞ்சு எரிஞ்சா ஏறிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்."

"தானா எப்படிக் குறையும்?"

"தானா ரொம்பக் குறையாது சார். யாராச்சும் வண்டியை எடுத்தாத்தான்."

அந்தக் கடைசி வார்த்தையை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம். தினமும் சாயங்காலம் டீ குடித்த கையோடு ஷெட்டுக்குப் போய்ப் பச்சையைப் பார்த்துவிட்டு வருவது அவருக்கு வழக்கமாயிற்று. ஒரு நாள் ஆரஞ்சு எரிந்தது. மறுநாளும் எரிந்தது. அவருக்கு மூக்கு வியர்த்துவிட்டது.

விஷயம் வெறும் பேட்டரி இல்லை. முந்தின வாரம்தான் மகனுடைய அறைக்கதவைக் கடக்கும்போது 'தனி வீடு' என்ற சொல் அவர் காதில் விழுந்திருந்தது. கடக்கும்போது என்றா சொன்னேன்? நின்றபோது. அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு பேரும் கிளம்பிவிட்டால் இந்த வீட்டில் அவரும் சுவர்க்கடிகாரமும்தான். இப்போது கணக்கு சரியாக வந்தது. அவர் மத்தியானம் கண் அசரும் நேரத்தில் மகன் ஆபீஸிலிருந்து நழுவி வருகிறான். அவருடைய காரிலேயே மனைவியை ஏற்றிக்கொண்டு காதும் காதும் வைத்த மாதிரி வாடகை வீடு பார்க்கப் போகிறான்.

கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். டயருக்கும் தரைக்கும் சேர்த்துச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். மறுநாள் விளக்கு ஆரஞ்சு. கோடு அப்படியே இருந்தது. மறுபடி போட்டிருப்பார்களோ என்று சாக்பீஸைத் தேடினார். அது அவருடைய சட்டைப் பையிலேயே இருந்தது. ஓடிய தூரம் காட்டும் மீட்டரும் நகரவில்லை. மீட்டர் ஒயரைக் கழற்றிவிட்டு ஓட்டுகிற கில்லாடிகளை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறார்! குனிந்து ஒயரைத் தடவினார். இறுக்கமாகத்தான் இருந்தது.

இரவுச் சாப்பாட்டின்போது மருமகளின் வாயைக் கிளறினார்.

"மத்தியானம் மெஷின் சத்தமே கேக்கலையேம்மா?"

"நீங்க தூங்கிட்டிருந்தீங்களே மாமா."

"தூங்கினா காது கேக்காதா? ஏன் நிறுத்தின?"

அவள் தட்டைப் பார்த்தபடி, "நூல் அறுந்துடுச்சு மாமா" என்றாள். மகன் எழுந்து கை கழுவப் போய்விட்டான்.

மறுநாள் மத்தியானம் அவர் தூங்குகிற மாதிரி பாவனை செய்துவிட்டு, பின்பக்கமாக ஷெட்டுக்குப் போனார். செருப்பு சத்தம் காட்டிக்கொடுத்துவிடும் என்று அதை ஷெட் வாசலிலேயே கழற்றிப் போட்டார். பழைய பீரோவுக்குப் பின்னால், தூசியில், தும்மலை அடக்கிக்கொண்டு நின்றார்.

மருமகள் வந்தாள், தனியாக. பின் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். முன்பக்கம் எட்டிச் சாவியைத் திருகினாள். என்ஜின் ஓடவில்லை. ரேடியோ பாடியது, உள்விளக்கு எரிந்தது. போனை எடுத்துத் தன் அக்காவோடு பேச ஆரம்பித்தாள். வெக்கைக்குக் கதவை லேசாகத் திறந்து வைத்திருந்ததால் வார்த்தைகள் வெளியே வந்தன.

"இங்கதான்க்கா பேச முடியுது. வீட்டுக்குள்ள தும்மினாக்கூட யாரைப் பார்த்துத் தும்மினன்னு மாமா கேப்பாரு. இவரு தனி வீடு போயிடலாம்ங்கிறாரு. நான்தான் பிடி கொடுக்காம இருக்கேன். மாமா கெட்டவர் இல்லக்கா. நான் சொல்றதை ஒரே ஒரு தடவை கேள்வி கேக்காம நம்பினா, நான் எங்கயும் போகமாட்டேன்."

கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு ரேடியோவை நிறுத்தி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். முன்னறையில் மெஷின் ஓட ஆரம்பித்தது. அவர் பீரோவுக்குப் பின்னாலிருந்து வெளியே வர வெகுநேரமாயிற்று. வெட்கமாக இருந்தது. கார் நகரவே இல்லை என்று டயரும் மீட்டரும் ஒயரும் சாட்சி சொன்னபோதுகூட, வீட்டுக்குள் ஒருத்திக்கு மூச்சுவிட இடமில்லையோ என்று அவருக்குத் தோன்றவில்லை.

மறுநாள் ஷெட்டைப் பெருக்கி, காரின் பின்சீட்டுப் பக்கம் ஒரு மேசை விசிறியை வைத்தார். அதோடு காரியம் கெட்டது. அன்று பச்சை எரிந்தது. அடுத்த நாளும் பச்சைதான். மருமகள் விசிறியைத் தூக்கி அடியில் எல்லாம் பார்த்துவிட்டு வைத்ததை அவர் ஜன்னல் வழியாகக் கண்டார். இப்போது சந்தேகப்படுவது அவளுடைய முறை. எந்தப் பச்சைக்காக அவ்வளவு பாடுபட்டாரோ அதைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

கடைசியில் தாங்க முடியாமல் மெஷின் பக்கத்தில் போய் நின்றார்.

"நான் அன்னைக்கு ஷெட்டுல இருந்தேம்மா. ஒளிஞ்சுக்கிட்டு. எல்லாத்தையும் கேட்டேன். தப்புதான்."

மருமகள் ஊசியில் நூல் கோத்தபடியே சொன்னாள்: "தெரியும் மாமா. உங்க செருப்பு வாசல்ல கிடந்துச்சே."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. எப்போது பார்த்தாள்? திரும்பிப் போகும்போதா, உள்ளே வரும்போதேவா? வரும்போதே பார்த்திருந்தால் அந்தப் பேச்சும் அழுகையும் யாருக்காக? அக்கா உண்மையிலேயே போனில் இருந்தாளா? பாதி உயிர் அந்தக் கேள்வியில்தான் இருந்தது. தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. மருமகள் நூலை விட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விசிறியில ஒண்ணும் இல்லம்மா. வெக்கைக்குத்தான் வெச்சேன்" என்று மட்டும் சொன்னார்.

"சரி மாமா" என்றாள் அவள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் ஷெட்டில் ஆரஞ்சு எரிந்தது.