கை வைக்காதபோது இறால் என்ன செய்கிறது?

போன வியாழக்கிழமை பழவேற்காடு ஏரிக்கரையில் ஒருவர் என் தலையைப் பார்த்துச் சிரித்தார். ஏன் சிரித்தார் என்று சொல்ல வேண்டுமானால், மூன்று மாதத்துக்கு முன் என் போனுக்கு வந்த ஒரு வாய்ஸ் மெசேஜிலிருந்து தொடங்க வேண்டும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"எம்மா, தேசம்மா பேசுறேன். நீ போய்ட்டு வந்தியே அந்தமானு... அங்க நாங்க ஒம்போது பேரு போவணும். நீயே எல்லாம் போட்டுக் குடு."

அவ்வளவுதான் மெசேஜ். பின்னணியில் காக்கா சத்தம், யாரோ சிரிக்கிற சத்தம்.

தேசம்மா கோட்டைக்குப்பத்துக்குப் பக்கத்தில் இருப்பவர். ஏரியில் கையால் இறால் பிடிக்கிறவர். வலை கிடையாது, படகு கிடையாது. ஒன்பது பெண்கள் ஆழமில்லாத இடமாகப் பார்த்து இறங்கி, கழுத்து மட்டும் வெளியே தெரிய வரிசையாக ஊர்ந்து, சேற்றைத் தடவித் தடவிப் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ள ஆளுக்கொரு பனையோலைப் பறி. அதைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பார்கள் – இரண்டு கையும் வேலையாக இருக்கிறதே, வேறு எப்படி? தண்ணீரில் இருக்கும் நேரம் முழுக்கப் பேச முடியாது. அதனால் கரைக்கு வந்ததும் அத்தனையையும் சேர்த்துப் பேசுவார்கள். மூன்று வருஷமாக மாதம் ஒரு முறை நான் இவர்களிடம்தான் இறால் வாங்குகிறேன். இறாலுக்காகப் பாதி, பேச்சுக்காகப் பாதி.

சரி, டூர் பிளான் போடச் சொல்லிவிட்டார். என்னிடமா கேட்க வேண்டும்?

எங்கள் வீட்டில் டூர் போடுவது நான்தான். என் கணவர் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'கண்டக்டரம்மா'. போன வருஷம் அந்தமானுக்கு ஐந்து நாளில் பதினான்கு இடம் பார்த்தோம். நான் பிரின்ட் எடுத்துக் கொடுத்த அட்டவணையில், 'காலை 5.10 முதல் 5.25 வரை: சூரியோதயம் ரசித்தல்' என்று ஒரு வரி இருந்தது. பதினைந்து நிமிஷத்துக்கு மேல் யாரும் ரசிக்கக் கூடாது. பஸ் வந்துவிடும்.

அந்த அட்டவணையையே தூசு தட்டி, ஒன்பது பேருக்கு மாற்றி, பெருமையாக எடுத்துக்கொண்டு பழவேற்காடு போனேன். கரையில் பறிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் வாசிக்க வாசிக்க, தேசம்மா ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார்.

உலகப் புகழ் பெற்ற பீச் என்றேன். கடலோரத்தில் உட்கார்ந்து கடலைப் பார்ப்பதற்கு அவ்வளவு தூரம் எதற்கு என்று கேட்டார். சீஃபுட் ரெஸ்டாரன்ட் என்றேன். ஒன்பது பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்றிருந்த நாரை எழுந்து பறந்தது. பழைய ஜெயில் என்றேன். அதற்கு முதலில் முகம் சுளித்தவர், அங்கே யாரெல்லாம் அடைபட்டுக் கிடந்தார்கள் என்று சொன்னதும், அவங்களுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வரணும், அத்த வெச்சிக்கோ என்றார்.

அப்புறம் அவரே கேட்டார். "அடி தெரியிற படகு ஒண்ணு சொன்னியே. அது எங்க கீது இதுல?"

எனக்கு ஞாபகமே இல்லை. போன வருஷம் அந்தமானிலிருந்து திரும்பியதும், இறால் எடை போடுகிற இடைவெளியில், படகுக்கு அடியில் கண்ணாடி போட்டிருந்தார்கள், கடல் தரை தெரிந்தது என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறேன். அதை அவர் ஒரு வருஷமாகப் பத்திரமாக வைத்திருக்கிறார்.

அட்டவணையில் அது பதினோராவது இடம். அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தேன்.

"மத்தது எல்லாம் உன் இஷ்டம். அது மட்டும் ஒரு நாள் முழுக்க வேணும்" என்றார். ஏன் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"முப்பது வருஷமா அந்தத் தரை மேல தான் பொழப்பு. எல்லாம் கையி பாத்தது. கண்ணு ஒரு தபா கூட பாக்கல. நம்ம ஏரி எப்பவும் கலங்கல். கைய வெச்சா எறா ஒதறும், அது தெரியும். கைய வெக்காதப்போ அது இன்னா பண்ணிகினு இருக்கும்? அத்தப் பாக்கணும்."

வாசகர்களே, நான் அந்தக் கண்ணாடிப் படகில் உட்கார்ந்து வந்தவள். அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? லைஃப் ஜாக்கெட்டில் நான் குண்டாகத் தெரிகிறேன் என்று கணவரிடம் சண்டை போட்டு, நான்காவது முறையாக போட்டோ எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். இறால் இருந்ததா? இருந்திருக்கலாம்.

குற்ற உணர்ச்சியில், வீடியோவாவது காட்டுகிறேன் என்று போனில் ஒன்றைத் தேடிப் பிடித்து அவர் கையில் கொடுத்தேன். ஏரிக்கரையில் சிக்னல் எப்படி இருக்கும்? வீடியோவுக்கு முன்னால் விளம்பரம் வந்து நின்றுவிட்டது. துணி சோப்பு விளம்பரம். ஒரு பெண் வெள்ளைச் சட்டையை உதறியபடி அப்படியே உறைந்து நிற்கிறார்.

தேசம்மா போனை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "அட... தண்ணி எவ்ளோ வெளுப்பா கீது பாரு" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாயைத் திறக்கப் போனேன். எதிரே உட்கார்ந்திருந்த மல்லிகா – வரிசையில் எப்போதும் தேசம்மாவுக்கு இடது பக்கம் வருகிறவர் – கண்ணாலேயே என்னைத் தடுத்தார். போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். ஆமாம், நல்ல வெளுப்பு என்று சொல்லி வைத்தேன்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மல்லிகா கூடவே வந்தார். நாலு வருஷமாகவே தேசம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை வளர்ந்துகொண்டு வருகிறதாம். ஆட்கள் நிழலாகத்தான் தெரிவார்கள். குரலை வைத்துத்தான் அடையாளம். ஏரிக்குப் போகிற வழியில் பேசிக்கொண்டே போவது போல மல்லிகா தோளில் கை போட்டுக்கொள்வார். அவர் யாரிடமும் சொன்னதில்லை. இவர்கள் எட்டுப் பேரும் தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதும் இல்லை.

அப்படியானால் இறால் எப்படிப் பிடிக்கிறார் என்று கேட்டேன். நகரத்து அசட்டுக் கேள்வி.

"தண்ணிக்குள்ள எங்க ஒம்போது பேருக்குமே கண்ணு இல்லியே. அங்க எங்க எல்லாரையும் விட அதுக்குத் தான் நல்லா தெரியும்" என்றார் மல்லிகா.

ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடுமே? அங்கேதான் சிக்கல். தேசம்மாவின் நைனாவுக்கு – அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார் – இதே புரை வந்து ஆபரேஷன் நடந்திருக்கிறது. கண் நன்றாகவே ஆனது. ஆனால் சில வாரம் தண்ணீரில் இறங்க வேண்டாம் என்று சொல்லிக் கரையில் உட்கார்ந்தவர், அப்புறம் இறங்கவே இல்லையாம். தானும் அப்படிக் கரையோடு போய்விடுவோம் என்று தேசம்மாவுக்குப் பயம். கண் கேம்ப் நடந்தபோது, தலைவலி என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாராம். ஏரியை விடுவதற்குப் பதில் கண்ணை விடலாம் என்று அவர் முடிவு செய்திருந்தார். இன்னும் கொஞ்ச நாளில் நிழல்கூடத் தெரியாமல் போய்விடும்.

"எங்களுக்கு அந்தமானும் வேணாம் ஒண்ணும் வேணாம்மா. அடியப் பாக்கணும்னு அதுக்கு ஒரு ஆசை வந்துகீது. அந்த ஆசையப் புடிச்சிகினு அதுவா ஒரு நாளைக்கு கண்ணப் பத்தி வாயத் தொறக்கும்னு பாக்குறோம். நீ நிறுத்திடாத, பிளானு போட்டுகினே இரு."

பஸ்ஸில் பொன்னேரி வரும்வரை எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. நானெல்லாம் டூர் பிளான் போடுவதில் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேனே... இவர்கள் போட்டிருக்கிற பிளானுக்கு முன்னால் என் அட்டவணை எம்மாத்திரம்? நாலு வருஷம் ஒருவரின் ரகசியத்தை, அவருக்கே தெரியாமல், எட்டுப் பேர் காப்பாற்றியிருக்கிறார்கள். எங்கள் அபார்ட்மென்டில் ஒரு ரகசியத்தின் ஆயுள் லிஃப்ட் மூன்றாவது மாடியைத் தாண்டும் வரைதான்.

அடுத்த முறை தேதிகளோடு போனேன். குடியரசு தினத்தை ஒட்டி மூன்று நாள் தொடர் லீவு வருகிறது, ரொம்ப வசதி என்றேன். ஏரிக்கு ஏது சனி ஞாயிறு? அதைக்கூட யோசிக்காமல் போயிருக்கிறேன். லீவு கிடக்கட்டும், அன்றைக்கு என்ன நாள் என்று தேசம்மா கேட்டார். காலண்டரைப் புரட்டினேன். அமாவாசைக்குப் பக்கம்.

எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அமாவாசை, பௌர்ணமியில் தண்ணீர் ஓட்டம் அதிகம், அடி மண் கலங்கும், படகில் கண்ணாடி போட்டால் என்ன, வைரம் போட்டால் என்ன என்று தேசம்மா விளக்கினார். மழை விட்டு, காற்று அடங்கி, மாசியில் அஷ்டமி நவமி வரட்டும். தண்ணீர் அசையாமல் நிற்கும். அதுதான் தெளிவு.

அந்தமான் கடலுக்கு இந்த ஏரிக் கணக்கு பொருந்துமா? எனக்குச் சந்தேகம். அங்கேயே படகு ஏற்பாடு செய்து தருகிற ஒருவருக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன். கணக்கு சரிதான் என்று அவர் ஆச்சரியப்பட்டார். தண்ணீருக்குள் முங்கிப் பார்க்கிற டைவிங் ஆட்கள்தான் இப்படித் தேதி கேட்பார்கள், நீங்கள் டைவிங் பண்ணுகிறவர்களா மேடம் என்றார்.

"முப்பது வருஷமா" என்றார் தேசம்மா, போனைப் பார்த்து.

எல்லோரும் சிரித்து ஓய்ந்தார்கள். நான் மாசி அஷ்டமியைக் குறித்துக்கொண்டேன். அப்போதுதான் மல்லிகா, பறியில் ஒட்டியிருந்த பாசியைக் கிள்ளிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் கேட்டார். "தண்ணி தெளிஞ்சா போதுமாக்கா?"

சிரிப்பு நின்றுவிட்டது. தேசம்மா ஏரிப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். எனக்கு அந்த ஒரு நிமிஷம் பெரிய அவஸ்தையாக இருந்தது. எழுந்து போய்விடுவாரோ... மறுபடி தலைவலி என்று சொல்லிவிடுவாரோ? எட்டுப் பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்க எல்லாருக்கும் தெரியுமா?" என்றார் கடைசியில். மல்லிகா பறியைக் கீழே வைத்தார்.

"ஒரு மாசம் நான் எறங்காம இருந்தா வரிசையில ஓட்ட வுழும். எறா எல்லாம் அந்த வழியா பூடும்."

"நாங்க ஆளுக்கு அரை முழம் தள்ளிக்கிறோம். உன் பறி கரையிலயே இருக்கட்டும். ஆளுக்கு ரெண்டு கை போட்டா ரொம்பிடும்" என்றார் மல்லிகா. "அப்பறம் நீ எறங்கலன்னா நாங்களே புடிச்சித் தள்ளுவோம்."

தேசம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என் பக்கம் திரும்பினார். "எம்மா, அந்தப் பேப்பர்ல மேல எடம் கீதா? மொதல்ல பொன்னேரி ஆஸ்பத்திரின்னு எழுது. அப்பறம் தான் அந்தமானு."

எழுதினேன். எழுத்து கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. என் கண்ணிலும் தெளிவு இல்லை.

ஒரு கண் முடிந்துவிட்டது. இன்னொன்று அடுத்த மாதம். இடையில் ஊர் வேலைகளில் மாட்டிக்கொண்டு நான் போகவில்லை. போன வியாழக்கிழமைதான் போனேன். தேசம்மா கரையில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய பறி. அதில் பாதிக்கு மேல் இறால், இன்னும் துள்ளிக்கொண்டிருந்தது. தூரத்தில் எட்டுத் தலைகள் தண்ணீருக்கு மேல் வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தன. எண்ணிப் பார்த்தேன். நடுவில் இடைவெளியே இல்லை.

என் குரலைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றினார். என்னை மேலும் கீழுமாக ஒரு பார்வை பார்த்தார். அப்புறம்தான் அந்தச் சிரிப்பு.

"இன்னாம்மா, இவ்ளோ நரை கீது உனக்கு? கொரல வெச்சி சின்னப் பொண்ணுன்னு இல்ல நெனச்சிகினு இருந்தேன். மூணு வருஷமா ஏமாத்திட்டியே."

என் நரையை ஒருவர் கண்டுபிடித்ததற்காக நான் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை.

அடுத்த வாரம் ஏரியில் இறங்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அதைச் சொல்லும்போது அவர் கை தானாகவே பறியைத் தேடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டது. அப்புறம் அட்டவணையைக் கேட்டு வாங்கி, இப்போது தெளிவாகத் தெரிகிறதாம், விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிப் பார்த்தார். எழுத்து படிக்கத் தெரியாது. ஆனால் எத்தனை வரி என்று எண்ணினார். பதினான்கு இருந்தது, இப்போது நான்கு. பொன்னேரி, ஜெயில், கண்ணாடிப் படகு, மறுபடியும் கண்ணாடிப் படகு.

"நீ தான் பாத்துட்டு வந்தியே, சொல்லேன். அங்க எறா முன்னால பாத்து நடக்குமா, பக்கவாட்டுல நடக்குமா?"

என்னிடம் அந்தமானில் எடுத்த நானூறு போட்டோ இருக்கிறது. அன்று இரவு ஒன்று விடாமல் தேடினேன். எல்லாவற்றிலும் நான்தான் இருக்கிறேன்.

டிக்கெட்டை ஒன்பதிலிருந்து பத்தாக மாற்றிவிட்டேன். நான் இதுவரை அந்தமானைச் சுற்றித்தான் வந்திருக்கிறேன்... இனிமேல்தான் பார்க்க வேண்டும்.