நூற்றுப் பன்னிரண்டு பேரின் ஐந்து நட்சத்திரம்

கோப்போங் சோளம் விதைப்பார், தூண்டில் போடுவார், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போவார். ஒருவருக்கும் கெடுதல் நினைக்காத மனுஷன். அப்பேர்ப்பட்டவரை வாய்க்கு வந்தபடி ஏச வைத்தது ஒரு ரேடியோ.

இந்தோனேசியாவின் அடோனாராத் தீவில் அவருடைய ஊருக்குச் செல்போன் சிக்னல் எட்டுவது கல்லறைத் தோட்டத்துக்கு மேலே உள்ள ஒரே பாறையில்தான். அதுவும் எழுத்து மட்டும். பாட்டோ பேச்சோ இறங்காது. மகள் பாரெக் தைவானில் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். 'அப்பா, அடுத்த மாசம் முதல் ஞாயிறு சாயங்காலம் ரேடியோவுல நான் பாடறேன். சிற்றலையில நம்ம பாஷையில வரும். அவசியம் கேளுங்க' என்று எழுதியிருந்தாள். வீட்டு ரேடியோவோ உப்புக்காற்றில் அரித்து எப்போதோ செத்துப்போயிருந்தது.

செல்போனிலேயே பார்த்து வாங்கும் கடை ஒன்றில் மலிவாக ஒரு சிற்றலை ரேடியோ இருந்தது. வாங்கிய நூற்றுப் பன்னிரண்டு பேர் கருத்து எழுதியிருந்தார்கள். நான்கு நாள் பாறைமேல் வெயிலில் காய்ந்து ஒன்றுவிடாமல் படித்தார்.

'பார்சல் கச்சிதம். கொண்டுவந்த அண்ணன் நல்ல மரியாதை. இன்னும் போட்டுப் பார்க்கவில்லை. ஐந்து நட்சத்திரம்.'

'சிவப்பு கேட்டேன், கறுப்பு வந்தது. பரவாயில்லை. ஐந்து நட்சத்திரம்.'

"அடப்பாவிங்களா! போட்டுப் பார்க்காமலே எதுக்குடா நட்சத்திரம்? சிற்றலை கேக்குதா இல்லையான்னு ஒருத்தனாவது சொல்லித் தொலைங்களேன்!"

இன்னொரு ரேடியோவை மட்டும் ஒரு ஆள் ஒற்றை நட்சத்திரம் கொடுத்து வைதிருந்தார்: 'டங்டுட் பாட்டே வரமாட்டேங்குது. சாயங்காலமானா சீனாக்காரன், தைவான்காரன்னு கண்டவனும் கத்துறான். காசு தண்டம்.'

ஒற்றை நட்சத்திரமா, சகவாசமே வேண்டாம் என்று அதைத் தள்ளிவிட்டு ஐந்து நட்சத்திரத்தையே வாங்கினார் கோப்போங்.

பார்சல் படகில் வந்து இறங்கியதே அந்த ஞாயிறு மதியம்தான். மனைவி பேனி விசேஷத்துக்குக் கட்டும் சாரோங்கைக் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். உள்ளூர் நிலையம் கணீரென்று வந்தது. சிற்றலைக்குத் திருப்பினால் 'உஸ்ஸ்'. மாமரத்தில் கம்பி ஏற்றிக் கட்டினார். அப்போதும் உஸ்ஸ்தான்.

"நூத்திப் பன்னிரண்டு பேர் நட்சத்திரம் குடுத்தாங்கன்னீங்களே, அதுல ஒருத்தருக்குமா காது இல்ல?"

"காதெல்லாம் இருந்துச்சுடி. போட்டுப் பாத்தாத்தானே!" என்றவர் தலையில் அடித்துக்கொண்டார். "திட்டினானே ஒரு மகராசன், அவன் ஒருத்தன்தான் போட்டுப் பாத்திருக்கான். தைவான்காரன் கத்துறானாம்! அதுக்குத்தானே நான் அலையறேன். என் மரமண்டையில ஏறலையே!"

நிகழ்ச்சி நேரம் முடிந்தது. பேனி எழுந்து உள்ளே போய் அழுதாள்.

மறுநாள் விடிந்ததும், அந்த ரேடியோவைக் கிழிகிழியென்று கிழித்து எழுதப் பாறை ஏறினார். முதலில் வந்து விழுந்தது பாரெக்கின் செய்தி.

'அப்பா, கேட்டீங்களா? உங்களுக்குப் பிடிச்ச பாட்டுதான். எப்படி இருந்துச்சு?'

கோப்போங் அதை இரண்டு தரம் படித்தார். பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார்.

'ரொம்ப நல்லா இருந்துச்சு மகளே. ஒரு குறையும் இல்ல. அஞ்சு நட்சத்திரம்.'