மேஸ்திரிக்குப் பேச்சுத்துணை

டவுன் பஸ்ஸுல இருபத்தேழு வருஷமா டிக்கெட் கிழிக்கிறவரு அவரு. தெருவுல எல்லாருக்கும் கண்டக்டர்தான். சொந்தப் பேரு சம்பளச் சீட்டுல மட்டும் இருக்கும். நாள் பூரா நின்னுக்கிட்டே "உள்ள போங்க, உள்ள போங்க"ன்னு கத்திட்டு வீட்டுக்கு வந்தா, முட்டி ரெண்டும் அவரோடது மாதிரியே இருக்காது. தொண்டையில ஒரு கைப்பிடி மணல் கிடக்குற மாதிரி இருக்கும். அப்பவும் மெதுவாப் பேச வராது. குடிக்கத் தண்ணி கேட்டா மூணாவது வீட்டுலேருந்து சொம்போட ஓடி வரணும், அப்படிக் கேப்பாரு. அவரோட வாழ்ந்து வாழ்ந்து சம்சாரத்துக்கும் அதே குரல், மகளுக்கும் அதே குரல். அந்த வீட்டுல ரகசியம்னு ஒண்ணு இருந்ததே கிடையாது.

அந்தச் சந்தைக்கடைச் சத்தத்துக்கு நடுவுல வளந்ததுதான் அவங்க வீட்டுக் கிளி. ஏழு வயசு ஆகுது. யாரு எங்க போறா, என்ன வேலை செய்யிறான்னு கூண்டுக்குள்ளேருந்து தலையச் சாய்ச்சுக் கண்காணிச்சுக்கிட்டே இருக்கும். அதனால பேரு மேஸ்திரி.

மகளுக்குப் பிள்ளை பொறந்து, அஞ்சாம் நாள் ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்கு வந்தாங்க. பேரன். கட்டைவிரல் அகலத்துல ஒரு காது, அதுல பூனைமுடி. அவன் முகத்தைப் பாத்ததும் அலுப்பெல்லாம் பறந்துபோச்சுன்னு சொல்ல கண்டக்டருக்கு ஆசைதான். ஆனா போகல. அலுப்பு அப்படியே இருந்துச்சு, அதுக்கு மேல சந்தோஷம் ஏறி உக்காந்துக்கிச்சு.

அன்னையிலேருந்து வீட்டுல வாய்ப்பூட்டு. பிள்ளை தூங்குது, பிள்ளை தூங்குதுன்னு எல்லாரும் நுனிக்கால்ல நடந்தாங்க. டிவி ஊமையா ஓடுச்சு. சம்சாரம் தட்டுக்கும் தட்டுக்கும் நடுவுல துணி வச்சு அடுக்குனா. சோறு வேணுமா வேணாமான்னு கையால கேட்டா.

மூணாம் நாள் மேஸ்திரி கத்த ஆரம்பிச்சுது. பேசுற கத்தல் இல்ல, கழுத்தை நெரிச்ச மாதிரி கிறீச்சுன்னு ஒரு கத்தல். பிள்ளை முழிச்சு அழும். பிள்ளைய அமத்துனா இது கத்தும். புது ஆளு வந்த பொறாமைன்னு சம்சாரம் தீர்ப்புச் சொல்லிட்டா. கூண்டைத் தூக்கி பால்கனியில வச்சாங்க, மேல போர்வையப் போட்டாங்க. அது இன்னும் மோசமாச்சு. நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிப்போட ஆரம்பிச்சுது. பாட்டில் மூடி அகலத்துக்குத் தோலு தெரிஞ்சுது.

மகளுக்குக் கண்ணைச் சுத்திக் கருவளையம். சேந்தாப்புல ரெண்டு மணி நேரம் தூங்கி எத்தனை நாளாச்சு.

"அப்பா, என்னால முடியலப்பா. தெருமுனை சலூன்காரர்தான் மேஸ்திரியைத் தாங்கன்னு ரொம்ப நாளாக் கேக்குறாரே. ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுங்க, குடுத்துடுவோம்."

"சலூன்ல நாள் பூரா ஆளு வரும் போகும், மிஷினு ஓடும். ஏற்கெனவே பயந்து கெடக்கு. மிச்ச இறகும் போயிடும்மா."

"கடைக்குப் பொருத்தமா மொட்டையாயிடும்"னா சம்சாரம், குசுகுசுன்னு.

கண்டக்டருக்குச் சிரிப்பு வரல. மகளைக் குத்தம் சொல்லவும் மனசு வரல.

வியாழக்கிழமை பஸ்ஸுல நல்ல கூட்டம், எறும்பு நுழைய எடமில்ல. பாதி வழியில பேச்சுச் சத்தம் கப்புன்னு நின்னுச்சு. அத்தனை தலையும் நிமிந்துச்சு. கண்டக்டர் கூட்டத்தை விலக்கிக்கிட்டுப் போனாரு. முன்னால ஒரு அம்மா மயங்கிச் சாஞ்சு கெடந்தாங்க. யாரோ தண்ணி தெளிச்சாங்க, அந்தம்மா கண்ணு முழிச்சாங்க. பேச்சு திரும்ப ஆரம்பிச்சப்புறம்தான் எல்லாரும் தோளைத் தளத்துனாங்க.

பஸ்ஸு இரைச்சலா இருந்தா நல்லா ஓடுது, திடீர்னு அடங்குனா ஏதோ ஆயிப்போச்சு. அவருக்குத் தெரியாத விஷயமா? கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அப்பதான் யோசிச்சாரு. பிள்ளை வந்ததிலேருந்து நம்ம வீடு அடங்கித்தானே கெடக்கு. என்ன ஆச்சு, எங்க போனீங்கன்னு மேஸ்திரி கேட்டுக்கிட்டே இருக்கு. நாம பதில் சொல்லாம வெளியில தூக்கி வச்சிருக்கோம்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டுன கையோட கூண்டை உள்ள கொண்டாந்து, ரெண்டு செவரும் சேருற மூலையில வச்சாரு. சம்சாரம் ரெண்டு கையையும் ஆட்டி வேணாம் வேணாம்னா.

"நீ வாயைத் தொறந்து பேசு"ன்னாரு. கத்தல, சாதாரணமாத்தான் சொன்னாரு. ஆனா அந்த வீட்டுல அது இடி மாதிரி கேட்டுச்சு.

கிளி கிறீச்சுன்னுச்சு.

"இருக்கேன்டா. இங்கதான் இருக்கேன்."

திரும்பக் கிறீச்சு. திரும்ப அதே பதில். தரையில உக்காந்து, அதை உத்துப் பாக்காம செவத்தைப் பாத்துக்கிட்டே, பஸ்ஸுல நடந்ததையெல்லாம் சொன்னாரு. சில்லறைக்குச் சண்டை போட்டவன், எறங்குற எடத்தை விட்டுட்டுத் தூங்குனவன், எல்லாரும் அந்தக் கதையில வந்தாங்க. அர மணி நேரத்துல மேஸ்திரி உடம்பை உதறி, ஒத்தைக்கால்ல நின்னு அலகை நறநறன்னு தேய்ச்சுது. தூக்கம் வந்தா அப்படித்தான் தேய்க்கும். அறைக்குள்ள பேரன் அசையவே இல்ல.

வெள்ளிக்கிழமை பேச்சுச் சத்தத்துல பிள்ளை ஒரு தடவை முழிச்சிட்டான். மகள் வந்து வாசல்ல நின்னு ஒரு பார்வை பாத்தா. கண்டக்டர் பாதியாக் குறுகிப்போனாரு. ஆனாலும் நிறுத்தல. சனிக்கிழமை கிளி ரெண்டே தடவைதான் கத்துச்சு. இறகு பிடுங்குறது மட்டும் நிக்கல, கொஞ்சம் கொறஞ்சுது.

ஞாயித்துக்கிழமை சலூன்காரர் புதுக் கூண்டோட வந்து நின்னாரு. கண்டக்டர் எந்திரிக்க முட்டியைப் பிடிக்கிறதுக்குள்ள அறைக் கதவு தொறந்துச்சு. மகள் தலையெல்லாம் கலைஞ்சு, கன்னத்துல தலகாணித் தடத்தோட வந்தா.

"அண்ணே, கோச்சுக்காதீங்க. இப்போதைக்குக் குடுக்கல"ன்னா. அவளோட பழைய குரல், தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். "சேந்தாப்புல மூணு மணி நேரம் தூங்கிருக்கேன்."

சலூன்காரர் காலிக் கூண்டைப் பாத்துக்கிட்டே, "முந்தியே சொல்லிருக்கலாம்ல, வாங்கிட்டனேம்மா"ன்னு போயிட்டாரு.

மகள் அப்பா பக்கம் திரும்பி, "ஆனா பேச்சு நிக்கக் கூடாது. நின்னுச்சுன்னா அவரைத் திரும்பக் கூப்புடுவேன்"னா.

கண்டக்டர் வாயைத் தொறந்தாரு. காத்துதான் வந்துச்சு. அவருகிட்டக் கதையும் தீந்துபோச்சு, தொண்டையும் தீந்துபோச்சு. கிளி தலையைச் சாய்ச்சுக் காத்துக்கிட்டு நின்னுச்சு.

"நீங்க சாயுங்க. நான் பாத்துக்கறேன்"னு சம்சாரம் கூண்டுக்கிட்டக் காலை நீட்டி உக்காந்தா. "மேஸ்திரி, இந்த மனுசன் என்னையப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே லேட்டு. எதுக்குன்னு கேளு..."

பாதி பொய்யின்னு சொல்லணும்போல இருந்துச்சு கண்டக்டருக்கு. தரையிலயே சாஞ்சிட்டாரு.