டிஷ்யூ தாளில் நற்கருணை

"பாஸ்கா காலம், மூன்றாம் ஞாயிறு. காலைப் பூசை. இன்றும் நற்கருணை கையில்தான்." மலேசியாவில் சிம்பாங் அம்பாட்டுக்கு வேலைக்கு வந்த முதல் வருடம் என் நாட்குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன். திண்டுக்கல் பக்கத்தில் எங்கள் ஊர்க் கோவிலில் முழந்தாளிட்டு நாக்கை நீட்டினால்தான் சாமியார் அப்பத்தை வைப்பார். பல் படாமல் கரையவிட வேண்டும். அது வெறும் அப்பம் அல்ல, கிறிஸ்துவின் உடலும் இரத்தமும் என்று முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு முன் மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே நின்றபடி உள்ளங்கையில் வாங்க வேண்டும். ஆதித் திருச்சபையிலும் கையில்தான் வாங்கினார்கள் என்று படித்திருக்கிறேன். படித்தது கைக்குப் பழக நாளாயிற்று.

அன்று என்னைக் காரில் அழைத்துப்போனவர் பக்கத்து வீட்டுக் கலா அக்கா. லூபோக் சீனா பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்த இந்து. இப்போது பள்ளிக் கேன்டீனில் சமைக்கிறார். அவருடைய கணவருக்குச் சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் நடக்கிறது. வழக்கமாக என்னை இறக்கிவிட்டுக் காய்கறி வாங்கப் பசாருக்குப் போய்விடுகிறவர், அன்று உள்ளே வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். நற்கருணை வரிசையில் எனக்குப் பின்னால் அவரும் நின்றதை நான் பார்க்கவில்லை. ஊரில் என்றால் வேதம் கற்பிக்கும் உபதேசியார் ஒரு பார்வையில் நிறுத்தியிருப்பார். இங்கே வெளியூரிலிருந்து வரும் சாமியாருக்கு எல்லா முகமும் தெரியாது.

காரில் ஏறியதும் அக்கா ஒரு மடித்த டிஷ்யூ தாளைக் காட்டினார்.

"அவருக்குத்தான் தம்பி. மாரியம்மன் துன்னூறு, மலாய்க்காரங்க சூராவுல தொழுதுட்டு ஓதிக் குடுத்த தண்ணி, எல்லாம் பாத்தாச்சி. உங்க சாமி மட்டும் சும்மா இருக்கலாமா?"

"அக்கா, இது பிரசாதம் இல்ல. வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது."

"பின்ன என்னா?"

"கிறிஸ்துவோட உடம்பு."

அக்கா தாளைப் பார்த்தார். "உடம்பா? அப்ப டிஷ்யூல சுத்துனது தப்பு லா. ரத்தம்?"

"ரத்தமும் இதுலயேதான்."

"அப்ப இதுதான் அவருக்கு வேணும். மெஷின்ல ரத்தத்தத்தானே கழுவுறாங்க."

'ஆமென்' சொல்லி வாங்குகிற எங்களில் எத்தனை பேர் இவ்வளவு நேராக நம்புகிறோம் என்று தோன்றியது. ஆதிக் கிறிஸ்தவர்கள் இதை வீட்டுக்கும் எடுத்துப்போனார்கள் என்று படித்ததும் நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லவில்லை. கையை நீட்டினேன்.

"உங்க ஆளுங்களுக்கு மட்டுந்தானா?"

"ஞானஸ்நானம் வாங்கணும் அக்கா. தலையில தண்ணி ஊத்தி."

"டாக்டரு ஒரு கிளாஸ் தண்ணியே அளந்து குடுக்கச் சொல்றாரு. நீங்க குளிப்பாட்டவே சொல்றீங்க."

சிரிக்காமல்தான் சொன்னார். பிறகு தாளைக் கொடுத்தார்.

நான் கோவிலுக்குள் திரும்பிப் போய்க் கொடுத்தேன். சாமியார் அதைப் பிரித்தபோது உள்ளே பாதி அப்பம்தான் இருந்தது. "பெரிய அப்பத்த உடைச்சும் குடுத்தேன். அதுல ஒண்ணா இருக்கலாம்," என்று சொல்லிவிட்டு அதை உட்கொண்டார்.

வீடு திரும்பினோம். அக்கா வீட்டு வாசலில், முருகன் படத்துக்குக் கீழே அவர் கணவர் உட்கார்ந்திருந்தார். அக்கா கைப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி உள்ளே போனார். எவ்வளவு சிறிய துண்டிலும் கிறிஸ்து முழுமையாக இருக்கிறார் என்பது எங்கள் விசுவாசம். அந்த வீட்டைப் பார்த்து முழந்தாளிடுவதா, என் வீட்டுப் பூட்டைத் திறப்பதா என்று தெரியாமல் நின்றேன். மறுபாதி என்று ஒன்று அந்தப் பையில் இருந்ததா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.