குதிரை அவிழ்த்த வண்டியில் ஹெப்சிபா

படகுத்துறையில் சின்னப் பீரங்கி முழங்கியதும் ஹெப்சிபா பானைக்குள் இன்னொரு பிடி மிளகைப் போடுவாள். வடக்கிலிருந்து ஒரு படைப்பிரிவு ஆற்றைக் கடக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். தெற்கே அடிமை வைத்திருப்பவர்களோடு நடக்கிற சண்டைக்குப் பட்டாளம் பட்டாளமாகப் பிலடெல்பியா வழியாகத்தான் போகிறார்கள். ஊரே ரொட்டியும் காப்பியுமாகத் துறைக்கு ஓடும். ஹெப்சிபா ஓடமாட்டாள். செத்துப்போன புருஷனின் பூட்ஸைப் போட்டுக்கொண்டு, மாட்டுக்குடல் சூப்பு கொதிக்கும் பானையைத் தள்ளுவண்டியில் வைத்து, நடுத்தெருவில் வருவாள்.

"மெல்லக் குடிங்கடா, வாய் வெந்துறப் போவுது. துப்பாக்கி எங்கயும் ஓடிறாது, உங்களுக்காகத்தான் காத்திருக்கு." கரண்டி யார் முன்னாலும் தயங்கியதில்லை. வெள்ளைக்காரத் தளபதியானாலும் வரிசையில்தான் நிற்க வேண்டும்.

போன வருஷம் கறுப்பர்களையும் படையில் சேர்க்கத் தொடங்கினார்கள். "வாருங்கள், உங்கள் நாடு அழைக்கிறது" என்று சுவருக்குச் சுவர் ஒட்டினார்கள். அவளுடைய ஒரே மகன் லெவின் போனான். ஊருக்கு வடக்கே முகாம். குதிரை இழுக்கும் டிராமில் ரயிலடிக்குப் போய், அங்கிருந்து ரயில் பிடிக்க வேண்டும். டிராமிலோ கறுப்பர்கள் உள்ளே உட்காரக் கூடாது. புதன்கிழமைதோறும் அவள் ஏறுவாள், கண்டக்டர் இறக்கிவிடுவான், மீதித் தூரத்தை வைதுகொண்டே நடப்பாள். ஒரு புதன்கூட ஏறாமல் இருந்ததில்லை.

இன்று லெவினின் பிரிவு சண்டைக்குக் கிளம்புகிறது. ஹெப்சிபா டிராமில் ஏறி, மகனுக்கான சூப்புத் தூக்குவாளியை மடியில் வைத்து, ஜன்னலோரம் அமர்ந்தாள்.

"ஏ அத்தை, எறங்கு" என்றான் கண்டக்டர்.

"அத்தையா? எங்கண்ணன் மவனா நீ? அப்போ அத்தைக்கு டிக்கெட்டக் குடு."

யாரோ சிரித்தார்கள். கண்டக்டரின் காது சிவந்தது. "வேணும்னா முன்பலகையில வண்டிக்காரன்கூட நின்னுக்க."

"எம்மவன் முன்னால நின்னு குண்டு வாங்கப் போறான். அது போதும். நான் உக்காந்துதான் வருவேன்."

அவன் மணியின் தோல்வாரை ஒருமுறை இழுத்தான். ஒரு மணி அடித்தால் வண்டி நிற்க வேண்டும், இரண்டு அடித்தால் கிளம்ப வேண்டும். நின்றது. பயணிகள் எல்லோரையும் இறக்கினான். ஜன்னல்களைத் திறந்து குளிர்காற்றை உள்ளே விட்டான். வண்டிக்காரன் குதிரைகளை அவிழ்த்துத் தெருமுனைக்குக் கொண்டுபோனான். பிடிவாதக்காரர்களை இந்த ஊரில் இப்படித்தான் இறக்குவார்கள். விறைத்துப்போய்த் தானே இறங்கிவிடுவார்கள்.

நடைபாதையிலிருந்து நாவிதர் ஐசயா கையைப் பிசைந்தார். "எக்கா, எறங்கிடுக்கா. இப்ப நடந்தாக்கூடப் புள்ள மொகத்தப் பாத்துரலாம். வீம்புக்கு நேரமாக்கா இது?"

வாளியின் சூடு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. இறங்கினால் மகனைப் பார்க்கலாம். ஆனால் உன்னை இறக்கிவிட்டார்களா அம்மா என்று அவன் கேட்டால்? போருக்குப் போகிறவனிடம் அந்தப் பதிலையா கொடுத்தனுப்புவது?

"நீ போய்யா, கடையப் பாரு" என்றாள்.

ஒற்றைத் தண்டவாளம். பின்னால் வந்த டிராம்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஒன்றிலிருந்து நீலச் சீருடையில் ஓர் அதிகாரி குதித்து வந்தார். "என்னய்யா இது? நான் போகாம முகாம்ல பட்டாளம் கிளம்பாது!"

ஹெப்சிபா ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தாள். முகத்தில் முதல்முறையாக ஒரு வெளிச்சம்.

"அங்கதான் நானும் போறேன் ஐயா. அப்போ லேட்டானா ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தான் லேட்டு. எனக்கு அவசரமில்ல."

அதிகாரி கண்டக்டரை முறைத்தார். கண்டக்டர் தெருமுனையில் குதிரைகளோடு நின்றவனைப் பார்த்தான். பின்னால் வண்டிக்காரர்கள் கெட்ட வார்த்தையில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

ஹெப்சிபா வாளியை இடது கையால் அணைத்துக்கொண்டு எழுந்தாள். கூரையோரம் ஓடிய தோல்வாரைப் பிடித்தாள். குதிரையில்லாத அந்த வண்டியில், தெருவெல்லாம் கேட்கும்படி, மணியை இரண்டு முறை அடித்தாள்.